மலையேறும் மந்தையா, கொட்டிலில் நிற்கும் மந்தையா?

இமாச்சலில் செம்மறி வளர்ப்பவருக்குக் கோடையில் இரண்டு வழிகள்.

ஒன்று, கத்தி (Gaddi) இன இடையர்களைப் போலத் தௌலாதார் மலைத்தொடரின் கணவாய்களைத் தாண்டி லாஹுல் புல்வெளிக்குப் போவது. பனி உருகிய இடத்தில் முளைக்கும் இளம்புல்லில் புரதம் அதிகம், நார் குறைவு. பனி பின்வாங்கப் பின்வாங்க மந்தையும் மேலே ஏறினால், கோடை நெடுக இளம்புல்தான். லாஹுல் மழைமறைவுப் பகுதி, மழை குறைவு. அதனால் ஈரத்தில் பரவும் கால் அழுகல் தொல்லையும் குறைவு. ஆனால் செப்டம்பருக்குள் புல் முற்றிவிடும், இறங்கியே ஆக வேண்டும்.

இன்னொன்று, கீழேயே கட்டி வைக்கோல் போடுவது. நடை மிச்சம். அப்புறம்? வைக்கோலில் புரதம் சுமார் 4 சதவீதம்தான். தீவனத்தில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் இரைப்பை நுண்ணுயிர்கள் தளர்ந்து, வயிறு நிறைந்தும் ஆடு மெலியும். பிண்ணாக்கு சேர்த்தால் சரியாகும், செலவு கையைக் கடிக்கும்.

பெரிய மந்தைக்கு மலைதான் சரி என்பேன். பத்துப் பதினைந்து ஆடுகள் என்றால் பிண்ணாக்கோடு கீழேயே சமாளிக்கலாம்.