1050 டிஐ என்று தலையில் கட்டிய போலி கார்டு: லினக்ஸில் கேம் ஆட டெஸ்க்டாப் வாங்குபவர்கள் கவனத்திற்கு

விண்டோஸோடு லினக்ஸையும் போட்டு கேம் ஆடலாம் என்று டெஸ்க்டாப் தேடுகிறீர்களா? பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

டூயல் பூட் (ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்) வேண்டும், ஸ்டீமில் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஆடப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் அசெம்பிள் செய்யக் கொடுத்தேன். "லினக்ஸ்ல எல்லாமே ஓடும் சார், கவலையே வேண்டாம்" என்றார் விற்றவர். கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பேச்சு. பில்லில் எழுதியதோ வெறும் "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு". விண்டோஸையும் டிரைவரையும் அவரே போட்டுவிட்டு, "டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

விண்டோஸில் பழைய கேம்கள் எப்படியோ ஓடின. லினக்ஸில் என்விடியா டிரைவர் அந்தக் கார்டை ஏற்கவே இல்லை. லினக்ஸிலேயே இருக்கும் திறந்த மூல டிரைவரான நூவோவில் திரை வந்தது, கேம் எதுவும் திறக்கவில்லை. போன் செய்தால் ஒரே பதில்: "லினக்ஸ்னாலே அப்படித்தான் சார், கார்டுல ஒண்ணும் இல்ல." இந்தப் பதிலை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. லினக்ஸுக்குப் புதியவர் யாராவது இதைக் கேட்டிருந்தால், அப்படியே நம்பி லினக்ஸை அழித்துவிட்டுப் போயிருப்பார். போலி கார்டு அவரிடமே தங்கியிருக்கும்.

ஆனால் உண்மையைக் காட்டிக்கொடுத்தது அதே லினக்ஸ்தான். இந்த மாதிரி கார்டுகளில் பயாஸை, அதாவது கார்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதிவிடுவார்கள். பெயரைக் கேட்டால் 1050 டிஐ என்றே சொல்லும். நூவோ அந்தப் பெயரை நம்புவதில்லை, சிப்புக்குள் இருக்கும் அடையாள எண்ணை நேரடியாகப் படிக்கிறது. கெர்னல் லாக்கில் (லினக்ஸ் தானே எழுதிவைக்கும் பதிவில்) நூவோ என்று தேடினேன். ஜிஎஃப்116 என்று ஒரு வரி இருந்தது. 1050 டிஐ என்றால் அங்கே ஜிபி107 என்று வர வேண்டும். ஜிஎஃப்116 என்பது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப், என்விடியாவின் ஃபெர்மி என்ற பழைய தலைமுறை. அதற்கு வல்கன் (கேம்கள் கார்டோடு பேசும் ஒரு கிராஃபிக்ஸ் இடைமுகம்) கிடையாது. புரோட்டானில் உள்ள டிஎக்ஸ்விகே என்ற பகுதி, விண்டோஸ் கேம்கள் பயன்படுத்தும் டைரக்ட்3டியை வல்கனாக மாற்றித்தான் கேமை ஓட்டுகிறது. அப்புறம் எங்கிருந்து கேம் திறக்கும்?

கார்டின் பின்பக்கம் விஜிஏ போர்ட் இருந்தது. அசல் 1050 டிஐயின் சிப்பில் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீடே இல்லை, அதனால் விஜிஏவைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள். விண்டோஸில் பார்ப்பதென்றால் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் போதும். 2018 முதல் இந்த மாதிரி கார்டுகளை அது போலி என்றே காட்டுகிறது.

லாக்கைப் படம் எடுத்து அனுப்பியதும் விற்றவரின் பேச்சு மாறியது. "சரி, வேற கார்டு தர்றேன்" என்று ஒரு ஜிடி 730ஐ நீட்டினார். அதில் ஃபெர்மிக்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப் உள்ள வகைக்குக்கூட வல்கன் 1.2 வரைதான் உண்டு, டிஎக்ஸ்விகே 2.0 முதல் 1.3 கேட்கிறது. வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

"எல்லாமே ஓடும்" என்பதும் பொய். ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேம்களில் பல லினக்ஸில் திறக்காது. வாலரண்ட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024இல் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் ஆடும் கேமை முதலில், எது லினக்ஸில் ஓடும் என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள்.

கார்டு இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஓரளவு புதிய ஏஎம்டி கார்டைச் சொல்வேன். அதன் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, வல்கனுக்கு மீசா என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்பு போதும். எந்தக் கார்டானாலும் முழு மாடல் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். லினக்ஸ் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸைத் தொடங்க உதவும் பென் டிரைவ்) ஒன்றைக் கையோடு கொண்டுபோய், விற்பவர் எதிரிலேயே பூட் செய்து சிப்பின் பெயரைப் பாருங்கள். அதற்கு விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.