ஜாவாஸ்கிரிப்டா, டைப்ஸ்கிரிப்டா?

ராயபுரத்தில் என்னிடம் பயிலும் மாணவர்கள் காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவருக்காக எடைக்கணக்கு வலைப்பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியபோது, பெட்டியில் தட்டிய 20 கிலோவுடன் 5 கிலோவைக் கூட்டினால், 25 வராமல் 205 என்று திரையில் வந்து நின்றது. உள்ளீட்டுப் பெட்டியில் எதைத் தட்டினாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை எழுத்துச் சரமாகவே, அதாவது எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாகவே பெறுகிறது. சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால், தடுக்காமல் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாட்களில் முதல் வடிவம் கொடுத்த மொழி அது.

ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்புகளை (எது எண், எது சரம் என்ற அறிவிப்புகளை) சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில், மொத்த எடை ஓர் எண் என்று முன்பே அறிவித்திருந்தால், எழுதும்போதே அந்த வரியின் அடியில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஆனால் உலாவிக்கு அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தான் தர வேண்டும்; மாற்றியபின் வகைக் குறிப்புகள் உதிர்ந்துவிடும் என்பதால், வியாபாரி எடைக்குப் பதில் 'வஞ்சிரம்' என்று தட்டினால் அதைச் சோதிக்கும் பொறுப்பு நம்முடையதே.

ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு கோப்பும் உலாவியும் போதும். வீட்டில் பழைய கணினி மட்டுமே வைத்திருக்கும் வண்ணாரப்பேட்டை மாணவருக்கு அதையே முதலில் கற்பிக்கிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டிய பக்கம் என்றால், தயங்காமல் டைப்ஸ்கிரிப்டையே தேர்ந்தெடுப்பேன்.