33 வரிகளுக்கு 4 வகுப்புகள்

கருவூலத்தில் 31 ஆண்டுகள் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் பாடமாக இருந்தது. தேர்வுக்கு உருப்போட்டதோடு சரி. அதில் இளவரசன் ஹாம்லெட் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ‘டு பீ ஆர் நாட் டு பீ’ தனிமொழிக்கு மட்டும் இணையவழி வகுப்பு என்று விளம்பரம் பார்த்து, 1,200 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். “வரிக்கு 36 ரூபாயா?” என்று மகள் சிரித்தாள். 36 ரூபாய் 36 காசு என்று திருத்தினேன்.

முதல் நாள், முதல் வரியைத் தமிழில் எழுதச் சொன்னார் ஆசிரியர். ஏறக்குறைய எல்லோரும் ‘வாழ்வதா, சாவதா’ என்றே எழுதியிருந்தோம். “சாவு இந்த வரியில் எங்கே இருக்கிறது?” என்றார். தேடினால், ஐந்தாவது வரியில்தான் அந்தச் சொல்லே வருகிறது. அதுவரை பேச்செல்லாம், அடியைத் தாங்கிக்கொண்டு இருப்பதா, எதிர்த்து நிற்பதா என்பதுதான். கடைசியில் ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ என்று மாற்றிக்கொண்டேன். இன்னொன்றும் காட்டினார்: இந்த 33 வரிகளில் ‘நான்’ என்ற சொல்லே கிடையாது. அப்பனைக் கொன்ற சித்தப்பன், அவனையே மணந்த தாய், ஒருவரைப் பற்றியும் பேச்சில்லை. எல்லாம் ‘நாம்’தான்.

அந்த ‘நாம்’ படும் பாட்டில் வழக்குகளின் இழுத்தடிப்பும் அதிகாரிகளின் அகந்தையும் இருக்கின்றன. இளவரசன் எந்த வரிசையில் போய் நின்றான்? ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கையொப்பம் சற்று மாறியிருந்தது என்பதற்காக ஒரு முதியவரின் ஓய்வூதிய பில்லை மூன்று முறை திருப்பி அனுப்பியவள் நான்.

மூன்றாம் வகுப்பு ஒன்றுக்கே கட்டிய பணம் தகும். ஒரு சிறு கத்தியால் தன் ‘குவையீட்டஸ்’ஸைத் தானே முடித்துக்கொள்ளலாமே என்கிறான் ஹாம்லெட். இந்தச் சொல்லுக்கு ‘நிம்மதி’ என்றுதான் என் பழைய நோட்டில் பொருள் எழுதி வைத்திருந்தேன். அது இங்கிலாந்து அரசுக் கருவூலத்தின் சொல்லாம்! கணக்கு ஒப்படைத்தவரிடம் இனிப் பாக்கி இல்லை என்று எழுதித் தரும் லத்தீன் குறிப்பு. எங்கள் ஊர் வழக்கில் நிலுவையில்லாச் சான்று. அதை எவரும் தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது என்பது கருவூலத்தில் கடைநிலை எழுத்தருக்கும் தெரியும். ஹாம்லெட் தயங்குவதன் காரணம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஆசிரியர் இவ்வளவு தூரம் போகவில்லை. இது என் சரக்கு.

குறைகளும் உண்டு. நான்காம் வகுப்பில் பாதி நேரம், நடிகர்கள் இந்த வசனத்தைப் பேசும் காணொளிகளிலேயே போயிற்று. 1603 பதிப்பில் முதல் வரி ‘அதுதான் விஷயம்’ என்பதுபோல முடிகிறது என்று சொல்லிவிட்டு, மேலே பேசாமல் நகர்ந்துவிட்டார். அனுப்பிய குறிப்பேட்டின் அட்டையில் ஹாம்லெட் கையில் மண்டையோடு! மண்டையோடு வருவது ஐந்தாம் அங்கத்தில், கல்லறைக் காட்சியில். இந்தத் தனிமொழியோ மூன்றாம் அங்கத்தில். பாடம் நடத்துகிறவர்களே இப்படிச் செய்யலாமா?

சாவை, போனவர் யாரும் திரும்பாத நாடு என்கிறானே, முதல் அங்கத்தில் அப்பனின் ஆவி வந்து பேசியதே என்று கேட்டேன். வந்தது சாத்தானின் வேடமாகவும் இருக்கலாம் என்று இரண்டாம் அங்க முடிவில் அவனே சந்தேகப்படுகிறான் என்றார் ஆசிரியர். எனக்குப் பாதிதான் திருப்தி. ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், பக்கத்தைப் புரட்டிக் காட்டிப் பதில் சொன்னார், அதற்காகவே சேரலாம்.

அடுத்து கல்லறைக் காட்சிக்கு வகுப்பு வருகிறதாம். அட்டைப் படத்தை மாற்ற வேண்டியதில்லை.