விறைத்த இதயத்துக்கு எடை மெஷின்: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு எது தோதுப்படும்?

எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் 60 சதவீதம் என்று இருக்கும். டாக்டரோ ஹார்ட் ஃபெயிலியர் என்பார். பம்பிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்பாத குடும்பம் இல்லை. இந்த வகை நோயில் இதயத் தசை சுருங்குவதில் பெரிய கோளாறு இல்லை. தளர்ந்து கொடுப்பதில்தான் கோளாறு. தசை விறைத்துவிடுவதால், உள்ளே வரும் ரத்தத்துக்கு இடம் கொடுக்கும்போதே அழுத்தம் ஏறிவிடுகிறது. அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போய் மூச்சு வாங்க வைக்கிறது, காலை வீங்க வைக்கிறது. பல வருஷ பிரஷர், சர்க்கரை, உடல் பருமன், வயது இவைதான் வழக்கமான காரணங்கள். சிலருக்கு அமிலாய்டு என்ற புரதம் தசைக்குள் படிந்தும் இப்படி ஆகும்.

இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் மாத்திரை டப்பாவுக்கு அடுத்த முக்கியமான சாமான் எடை மெஷின். விறைத்த இதயம் தாங்கும் எல்லை ரொம்பக் குறுகல். உடம்பில் ஒன்றிரண்டு லிட்டர் நீர் கூடினால் மூச்சு முட்டும். நீர் மாத்திரை அதிகமாகி அதே அளவு குறைந்தால் இதயம் நிரம்புவதற்கு ரத்தம் போதாது. பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் காலை எடை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மெஷினிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அரை கிலோ மாற்றத்தை உள்ளபடி காட்டுகிறதா?

முள் நகரும் பழைய ஸ்பிரிங் மெஷின் இதில் தேறாது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே அரை கிலோவோ ஒரு கிலோவோ இருக்கும். குனிந்து பார்க்கும்போதே முள் ஆடும். பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து, யாரும் ஏறாமலே முள் பூஜ்யத்தை விட்டு நகர்ந்து நிற்கும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது என்பதற்காக அதை நம்ப வேண்டாம்.

போனோடு இணைந்து கொழுப்பு, தசை, நீர்ச்சத்து என்று வரிசையாகச் சொல்லும் ஸ்மார்ட் மெஷினும் வேண்டாம். அது பாதம் வழியாக உடம்புக்குள் லேசான மின்சாரம் விட்டுக் கணக்குப் போடுகிறது. பேஸ்மேக்கரோ, ஆபத்தான இதயத் துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ வைத்தவர்கள் அதில் ஏறக் கூடாது. வைக்காதவர்களுக்கும், கால் வீங்கியிருக்கும்போது அது சொல்லும் கொழுப்புக் கணக்கு எதற்கும் உதவாது.

மீதி இருப்பது சாதாரண டிஜிட்டல் கண்ணாடி மெஷின். ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும். 100 கிராம் வரை காட்ட வேண்டும், எண்கள் பெரிதாக வெளிச்சத்தோடு தெரிய வேண்டும், பலகை அகலமாக இருக்க வேண்டும். இதையே வாங்கலாம். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பல மாடல்கள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஏறும்போது வித்தியாசம் சின்னதாக இருந்தால், பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். ஆள் ஏறி ஏறிப் பார்த்தாலும் எடை அசையாமல் நிற்பதால் மெஷின் துல்லியம் என்று தோன்றும். நமக்கோ அந்தச் சின்ன வித்தியாசம்தான் வேண்டும்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். வெறும் கையோடு ஏறி எண்ணைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். 0.0 வந்து அணைந்ததும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பாட்டிலையும் சேர்த்து அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த மாடலை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அக்கம்பக்கத்து மெஷினோடு ஒரு கிலோ வேறுபட்டால் கவலை இல்லை. தன்னோடு தானே ஒத்துப்போனால் போதும்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எடையை உணரும் கருவி நான்கு மூலைக் கால்களில் இருக்கிறது. பாய், கயிற்று மிதியடி, மேடு பள்ளமான சிமெண்டுத் தரை எல்லாமே எண்ணைக் கெடுக்கும். கடற்கரைத் தெருக்களில் வாசல் வழியாக மணல் வந்துகொண்டே இருக்கும். மெஷினின் காலுக்கு அடியில் மணல் ஒட்டினாலும் கணக்கு மாறும். டைல்ஸ் தரையில் ஒரு இடம் பார்த்து, துடைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். நகர்த்தினால் முதலில் காலால் தட்டி 0.0 வரவிட்டுப் பிறகு ஏற வேண்டும். அடியில் இருக்கும் கிலோ, பவுண்டு பட்டன் தவறி அமுங்கினால் 60 கிலோ 132 என்று காட்டிப் பதற வைக்கும்.

உப்புக்காற்று பேட்டரி முனைகளில் பச்சையாகப் படியும். எண் மங்கினாலோ விட்டு விட்டு வந்தாலோ உடனே மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். ஈரக் காலோடு கண்ணாடியில் ஏறினால் வழுக்கும், ஓரத்தில் மிதித்தால் பலகையே தூக்கிக்கொள்ளும். அம்மாவோ வாப்பாவோ ஏறும்போது பக்கத்தில் நாற்காலி இருக்கட்டும். ஏறி இறங்க அதைப் பிடிக்கலாம். எண் நிற்கும்வரை கை அதில் ஊன்றக் கூடாது.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஒரே மாதிரி கைலி அல்லது நைட்டியோடு ஏற வேண்டும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் சஹருக்கு எழுந்தவுடன், சாப்பிடும் முன் பார்க்கலாம். நோன்பு பிடிக்கலாமா, நீர் மாத்திரை எந்த நேரத்தில் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணை மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதுங்கள். செல்போனில் பதிவதைவிட இதுவே மேல். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாத நிலையில் டாக்டர் குறித்துத் தரும் உலர் எடையைக் காலண்டரின் தலையில் எழுதிவையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்க வேண்டியிருக்கிறது என்றால் எடையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இறக்கத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கத்திரி வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ இரண்டு கிலோ இறங்கி, எழுந்தால் தலை சுற்றினால், நீர் மாத்திரையை வழக்கம்போலத் தொடரலாமா என்று அன்றே கேட்க வேண்டும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாத்திரைகளை, 2021-லும் 2022-லும் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, இந்த நோய்க்கு நிறையவே எழுதுகிறார்கள். புதிதாகத் தொடங்கும்போது ஒன்றிரண்டு கிலோ குறையலாம். அப்போது உலர் எடையைப் புதிதாகக் குறித்து வாங்குங்கள்.

இந்தக் கரையில் மெஷின் அதிகம் காட்டிக்கொடுப்பது கருவாட்டைத்தான். உடம்பில் தங்கும் 9 கிராம் உப்பு சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும், அது ஒரு கிலோ எடை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்புதான் கணக்கு. நெத்திலியோ சீலாவோ, கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. குழம்பு வைத்த நாளுக்கு அடுத்த இரண்டு காலை எடையைப் பாருங்கள், புரிந்துவிடும். இதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்ட்டன் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மெஷினை மாற்ற நேர்ந்தால் பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரம் இரண்டிலும் ஏறி இரண்டு எண்களையும் எழுதுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, உலர் எடையையும் அதற்குத் தக்கபடி திருத்திக்கொண்ட பிறகு புதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.