வாட்ச்டாக் லைப்ரரியுடன் நான்கு ஆண்டுகள்

ஸ்கேனரிலிருந்து பக்கங்கள் வந்து விழும் ஃபோல்டரைக் கவனித்து, புதிய படம் வந்ததும், படத்திலுள்ள எழுத்துகளை டெக்ஸ்டாக மாற்றும் ஓசிஆருக்கு அனுப்பும் சிறு கருவியை நான்கு ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும் என்பதால் ஃபோல்டரில் நடக்கும் மாற்றங்களைச் செய்தியாகச் சொல்லும், பைத்தானின் வாட்ச்டாக் லைப்ரரியை எடுத்தேன். பத்துப் பதினைந்து வரிகளில் வேலை தொடங்கிவிட்டது.

முதல் சிக்கல் லினக்ஸில். ஃபோல்டர்கள் பெருகியதும் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று பிழை வந்தது. பாதி டிஸ்க் காலியாக இருந்தும், அதை நம்பி ஒரு மாலை முழுக்கப் பழைய ஃபைல்களை அழித்தேன். உண்மையில் தீர்ந்துபோனது, லினக்ஸில் ஃபோல்டர் மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் ஐநோட்டிஃபையின் வாட்ச் (கண்காணிப்பு) எண்ணிக்கை. ஐநோட்டிஃபை உள் ஃபோல்டர்களைத் தானாகத் தொடராது. ஒவ்வொன்றுக்கும் தனி வாட்ச் வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்புகளில் ஒரு பயனருக்கு 8192 என்பதே வழக்கமான வரம்பு. கர்னல் 5.11 முதல் ரேமுக்கு ஏற்ப அது உயர்கிறது. மேக்கில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஈவென்ட்ஸுக்கும் விண்டோஸுக்கும் மேல் ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

அப்புறம், பாதி எழுதிய ஃபைல். 'உருவானது' என்ற செய்தி வந்ததுமே எடுத்து அனுப்பியதால், சில பக்கங்களில் மேல்பாதி மட்டுமே எழுத்தாகி வந்தது. எழுதி மூடியாயிற்று என்பதை லினக்ஸ் தனியாகவே சொல்லும். மற்ற இரண்டிலும் அந்த வசதி கிடைக்காததால், அளவு மாறாமல் இரண்டு நொடி நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

என் வடிவமைப்பையே மாற்றவைத்தது செய்திகள் தொலைந்துபோவதுதான். ஆயிரக்கணக்கான படங்களை ஒரேயடியாகக் கொட்டினால் செய்திகள் காத்திருக்கும் வரிசை நிரம்பிவிடும். லினக்ஸில் அதன் வழக்கமான கொள்ளளவு 16384. மூன்று இயங்குதளங்களுமே அப்போது 'கொஞ்சம் தவறிவிட்டது, நீயே போய்ப் பார்' என்றுதான் சொல்கின்றன. சரி, செய்தியை நம்பிக் கணக்கு வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். இப்போது செய்தி வந்தால் அது கதவைத் தட்டும் சத்தம் மட்டுமே. அரை நொடி பொறுத்து அந்த ஃபோல்டரைப் படித்து, எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் குறித்துவைத்துள்ள அளவோடும் மாற்றிய நேரத்தோடும் ஒப்பிடுகிறேன். தட்டல் எதுவும் வராவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு ஸ்கேன் உண்டு. அதன்பின் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை.

நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் பகிரும் என்எஃப்எஸ் ஃபோல்டரில் வேறு கணினி எழுதினால் ஐநோட்டிஃபைக்குத் தெரியவே தெரியாது. அங்கே போலிங், அதாவது இடைவெளி விட்டு நாமே போய்ப் பார்ப்பது, ஒன்றே வழி. வாட்ச்டாக்கிலேயே அது இருக்கிறது.

ரஸ்ட் மொழியின் நோட்டிஃபை லைப்ரரி, 'மறுபடி ஸ்கேன் செய்' என்ற குறியைச் செய்தியோடு சேர்த்தே தருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கருவியின் அடுத்த பதிப்பை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.