தபாலுக்கு ஆகாத ஸ்டாம்ப் வாங்கப் போகும் கடை

பாலக்காட்டில் கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய நாணய, ஸ்டாம்ப் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கீழே குடை ரிப்பேர்க் கடை, அதை ஒட்டிச் செங்குத்தாக ஒரு மரப்படி, ஏறினால் ஒரு கண்ணாடி மேஜை, அதற்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு சேட்டன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து இந்த வருஷம் நாலு தடவை போயிருக்கிறேன். மூன்று தடவை சந்தோஷமாகத் திரும்பினேன், ஒரு தடவை பஸ்ஸில் யாரோடும் பேசப் பிடிக்காமல் வந்தேன்.

நான் தேடிப் போவது தபால்தலை இல்லை. உலகக் கண்காட்சிகளுக்காக அச்சடித்த போஸ்டர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப் மாதிரியே ஓரத்தில் பல் இருக்கும், பின்னால் பசை இருக்கும், ஆனால் தபாலில் செல்லாது. விளம்பரத்துக்காகவும் ஞாபகார்த்தத்துக்காகவும் போட்டார்கள், வாங்கியவர்கள் கடித உறையில் ஒட்டினார்கள், குழந்தைகள் ஆல்பத்தில் ஒட்டினார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மனியில் இது ஒரு பைத்தியமாகவே இருந்தது. சேகரிப்பவர்கள் இந்த வகையறாவுக்கெல்லாம் வைத்திருக்கும் பெயர் சிண்ட்ரெல்லா, வீட்டுப் பெண்ணாக இருந்தும் விருந்துக்குக் கூப்பிடாத கதைதான். சின்ன வயதில் தெருவில் தீப்பெட்டிப் படம் பொறுக்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சேட்டனுக்கு இந்த லேபிள்கள்மேல் துளி மரியாதை கிடையாது. 1924 வெம்ப்ளி கண்காட்சிக்குப் பிரிட்டன் போட்ட சிங்க ஸ்டாம்ப் இரண்டும் (அந்த நாட்டின் முதல் நினைவு ஸ்டாம்புகள் அவைதான்) கண்ணாடிக்கு அடியில் தனிக் கவரில் படுத்திருக்கின்றன, ஜோடி ஆயிரத்துச் சொச்சம். நம்ம சரக்கு ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவில். "இதுக்கு வேல்யூ ஒண்ணும் இல்ல கேட்டோ, வெறும் லேபிள்" என்று சொல்லி டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவார், நானும் "ஆமா சேட்டா" என்று தலையாட்டிக்கொண்டே கிளறுவேன். ஒன்று முப்பது, நாற்பது ரூபாய். அவருக்கு மரியாதை வந்துவிட்டால் விலையும் வந்துவிடும்.

இதுவரை கிடைத்ததில் எனக்குப் பிடித்தது 1939 நியூயார்க் கண்காட்சி லேபிள். கல்பாத்தி பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணும்போது வந்த ஆல்பத்திலிருந்து கிடைத்ததாம். கருநீல ராத்திரி வானம், அதில் வெள்ளையாக ஒரு ஊசிக் கோபுரம், பக்கத்தில் ஒரு பந்து. கோபுரத்துக்கு டிரைலான் என்று பெயர், 610 அடி. பந்துக்குப் பெரிஸ்பியர், குறுக்களவு 180 அடி. குப்பைச் சாம்பல் கொட்டிக்கிடந்த இடத்தை நிரவி, நாளைய உலகம் இப்படித்தான் இருக்கும் என்று கட்டிக் காட்டினார்கள். ஏப்ரல் 30-ல் திறந்தார்கள், செப்டம்பரில் போர் வந்துவிட்டது, கண்காட்சி முடிந்ததும் இரண்டையும் பிரித்து இரும்பைப் போர்த் தளவாடம் செய்ய அனுப்பிவிட்டார்கள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம், ஒரு மூலையில் பல் ஒடிந்திருக்கிறது, பின்னால் யாரோ பென்சிலில் 14 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆல்பத்தில் மற்ற பதின்மூன்றும் என்ன ஆயின என்று கேட்டேன், ஒரு கல்லூரிப் பையன் முந்தின வாரமே வாங்கிப் போய்விட்டானாம்.

1964 நியூயார்க் கண்காட்சிச் சரக்கும் கொஞ்சம் இருந்தது, எல்லாவற்றிலும் அந்த யூனிஸ்பியர் உருண்டை. 140 அடி, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. எனக்கு என்னவோ நின்றுகொண்டிருப்பதன் படத்தில் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. இரண்டு மட்டும் எடுத்தேன்.

சரி, எரிச்சல் கதை. மூன்றாவது தடவை போனபோது டப்பாவில் இல்லாமல் மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி, பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாடியது, 1906 நில நடுக்கத்தில் சிதைந்த ஊர் எழுந்து நின்றுவிட்டது என்று உலகத்துக்குக் காட்டவும்தான். படத்தில் நகைக் கோபுரம். 435 அடிக் கோபுரம், உடம்பெல்லாம் ஒரு லட்சத்துக்கும் மேல் வண்ணக் கண்ணாடிக் கற்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், காற்றில் ஆடி மின்னும். "இது ஒரிஜினல்" என்றார். 350 ரூபாய். ஆசையில் கண்ணு தெரியவில்லை, வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரூபாய் நோட்டுப் பார்க்கும் நீல டார்ச்சை அடித்தால் காகிதம் சலவை வேட்டி மாதிரிப் பளீரென்று ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்ட இப்போது சேர்க்கும் ரசாயனம் 1915-ல் கிடையாது, அந்தக் காலக் காகிதம் இப்படி ஒளிராது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நாலு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்பூவாக உட்கார்ந்திருக்கின்றன, இன்றைய அச்சு. அந்தக் காலத்துக் கல்லச்சில் (கல்லில் படம் வரைந்து அச்சடிப்பது) நிறம் படிவதே வேறு மாதிரி, ஒழுங்கில்லாமல் கரகரவென்று இருக்கும். இந்த லென்ஸ் சோதனையை 1939 சரக்கில் நம்ப வேண்டாம், அப்போது புள்ளி அச்சு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. டார்ச் இரண்டுக்கும் உதவும்.

திரும்பக் கொண்டுபோனேன். முதலில் "எனக்கும் ஒருத்தன் லாட்டாத்தான் தந்தான்" என்றார், அரை மணி நேரம் பேசினோம், நடுவில் டீ வாங்கிக் கொடுத்தார், கடைசியில் பணமாகத் தர மாட்டேன், அந்த மதிப்புக்கு டப்பாவிலிருந்து எடுத்துக்கொள் என்று முடிந்தது. ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் விற்றார், தெரிந்த பிறகு முகம் சுருங்கியது. ஆனால் பணம் பணமாக வந்திருக்க வேண்டும், அதற்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன்.

இன்னொரு குறை ஈரம். இடவப்பாதி மழையில் அந்த டப்பாவுக்குள் பசை இளகி லேபிள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. அப்படி ஒட்டிய ஒரு ஜோடியைப் பாதி விலைக்கு வாங்கி, பழைய தபால்தலையைச் செய்கிற மாதிரிக் கிண்ணத் தண்ணீரில் போட்டேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் ரோஸ் நிறம், சிவப்பு மை மொத்தமும் போயிற்று. அது என் முட்டாள்தனம், கடையின் தப்பு இல்லை. இப்போது டிபன் பாக்ஸ் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதன்மேல் ஒரு சல்லடை, சல்லடைமேல் லேபிள், மூடி போட்டு இரண்டு மூன்று மணி நேரம். பசை தானாக விடுகிறது.

அப்புறம், அவர் விற்கும் பிளாஸ்டிக் ஆல்பத்தை வாங்காதீர்கள், திறந்ததும் புது மழைக்கோட்டு நாற்றம் அடிக்கிறது, அந்த ரகம் வருஷம் போகப் போக மையைத் தின்னும். பட்டர் பேப்பர் கவர் இரண்டு ரூபாய்க்குக் கொடுக்கிறார், அது நல்ல சரக்கு. மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார், ஞாயிறு லீவு. ஜிபே உண்டு. தமிழ் நன்றாகவே பேசுவார், விலை பேசும்போது மட்டும் மலையாளத்துக்கு மாறிவிடுவார்.

போன தடவை டப்பா அடியில் 1939 டிரெஷர் ஐலண்ட் கண்காட்சி லேபிள் ஒன்று பார்த்தேன், நியூயார்க் கண்காட்சி நடந்த அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் செயற்கைத் தீவு போட்டு நடத்தியது. டார்ச் அடித்தேன், ஒளிரவில்லை. கையில் பஸ் காசுதான் மிச்சம், ஜிபேக்கு டவர் இல்லை. எடுத்து வைக்கச் சொன்னால் அவருக்கு மரியாதை வந்துவிடும் என்று, பேசாமல் மறுபடி அடியிலேயே போட்டு மேலே நாலு யூனிஸ்பியரைப் பரப்பிவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை போகிறேன், அதுவரை யாரும் கிளறாதீர்கள்.