ட்ரவன் உச்சிக்கு மூன்று வழிகள்: ஏற எது, இறங்க எது?

வடக்கு வேல்ஸில் ஓக்வென் ஏரிக்கரையில், ஏ5 சாலையை ஒட்டியே நிமிர்ந்து நிற்கும் பாறைமலை ட்ரவன். (எழுத்தைப் பார்த்து 'ட்ரைஃபன்' என்பார்கள், வேல்ஷ் மொழியில் அந்த எஃப் எழுத்துக்கு 'வ' ஒலிதான்.) உயரம் 917.5 மீட்டர். ஏரியே ஏறத்தாழ 300 மீட்டரில் கிடப்பதால் ஏற வேண்டியது 600 மீட்டர் சொச்சம்தான். ஆனால் எந்த வழியில் போனாலும் கடைசியில் கையையும் ஊன்றித்தான் ஆக வேண்டும்.

பேர்பெற்றது வடக்கு முகடு. சாலையோரக் கார் நிறுத்தத்திலிருந்தே ஏற்றம் தொடங்கிவிடும். முதல்நிலை (மிக எளிய நிலை) ஸ்க்ராம்பிளிங், அதாவது கயிறில்லாமல் பாறையில் தொற்றி ஏறுவது. இங்கே சிக்கல் பாறையில் இல்லை, பாதையில். தடங்கள் ஏழெட்டாகப் பிரியும். வலப்பக்கம், மேற்கே ஒதுங்கினால் செங்குத்துப் பாறை. இடப்பக்கம் அதிகம் போனால் ஆழமான பிளவுகள். முகட்டின் முதுகை விட்டு விலகாமல் ஏறுங்கள். பூட்ஸ் பட்டுப் பட்டு வழுவழுப்பாக வெளுத்த கல்தான் சரியான தடம். திரும்பி இறங்க முடியாது என்று தோன்றும் இடத்தில் கால் வைக்காமல், பத்து மீட்டர் பின்வாங்கி வேறு தடம் தேடுங்கள். பாதி வழியில் வானம் பார்த்துச் சாய்ந்து நிற்கும் பீரங்கிக் கல் தெரிந்தால் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். மழை நாளில் அந்த வழுவழுப்பே சறுக்கும்.

கிழக்கு முகத்தில் சாய்வாக ஏறும் பாறைத்தட்டான 'ஹெதர் டெரஸ்' சுலபம் என்று பெயர் வாங்கியது. நடை சுலபம்தான், தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அதே சரிவில் அதைப்போலவே வேறு பாறைத்தட்டுகளும் ஏமாற்றும், மூடுபனியில் இன்னும் மோசம். மேலே கயிறு கட்டி ஏறுபவர்கள் தட்டிவிடும் கல் உருண்டு வரலாம் என்பதால் ஹெல்மெட் தேவை.

தெற்கு முகடு போக்லுயிட் ஏரி வழியாகக் கணவாய்க்குப் போய், அங்கிருந்து பாறைக்குவியல் மேல் ஏறுவது. சுற்று, சுவாரசியம் குறைவு. இறங்க மட்டும் இதைவிட்டால் வேறு வழியை நாங்கள் சொல்லமாட்டோம். காலடியில் கார் தெரிகிறதே என்று மேற்கே நேராக இறங்குபவர்கள் பாறை விளிம்பில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் தெற்கே கணவாய்வரை, பிறகே ஏரிப்பக்கம்.

வடக்கில் ஏறித் தெற்கில் இறங்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வையுங்கள். உச்சியில் ஆதாம், ஏவாள் என்ற இரட்டைக் கற்களுக்கிடையே தாவுவது வழக்கம். இடைவெளி ஒரு மீட்டர் சொச்சம்தான், ஆனால் கிழக்கே அதலபாதாளம். கல் ஈரமாக இருந்தாலோ காற்று தள்ளினாலோ தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.